ஒன்பதாவது ஆள்

கிரவீன், சிட்னி
3 பெப்ரவரி 2025

அன்புள்ள கிறிஸ்ரியன் மச்சான்,

நான் நல்ல சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க மாட்டேன். கேட்டால் முழங்காலில் தொடங்கி மூத்திரப்பை வரைக்கும் நாலு பக்கம் எழுதுவீர்கள், விசயம் ஐந்தாம் பக்கத்தில்தான் வரும். உங்கள் காதுக்கு ரெலிபோன் சரிவராது. கைத்தொலைபேசியில் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் உங்களுக்குப் பொழுது பட்டுவிடும். அதனால்தான் இந்த வயதிலும் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டு விமலா என்னைப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனா. "வாங்கக்கா, பழைய டிவி காமெடிய சினிமாவா எடுத்திருக்காங்க, ஜாலியா இருக்கும்" என்றா. வெள்ளைக்காரர் தங்கள் யுத்தகாலப் பகிடித் தொடர்களை ஒவ்வொன்றாகத் தூசு தட்டிப் படமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். இது ஒரு பட்டாளத்துக் குசினியில் நடக்கிற கூத்து. தொலைக்காட்சியில் வந்த காலத்தில் அட்டைச் சுவர் ஆடும், சூப் பானைக்குள் தொப்பி விழும், நானும் சிரித்திருக்கிறேன். படத்தில் சேறு உண்மையான சேறு, புகை உண்மையான புகை. தொப்பி விழுந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. விமலா சோளப்பொரியை மடியில் வைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டா.

திரும்பும்போது காரில் அவவுக்கு எங்கள் 'எல்லாரும் உள்ளே' தொடரைப் பற்றிச் சொன்னேன். "குண்டு போடுறத வெச்சுக் காமெடியாக்கா?" என்று கண்ணை விரித்தா. "குண்டை வைச்சில்லையம்மா, குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள ஓடின சனத்தை வைச்சு" என்றேன். தொண்ணூற்றி நாலில் உங்கள் நோபல் பார்க் கராஜுக்குள் மண்மூட்டை அடுக்கி, பதின்மூன்று பாகம் வீடியோவில் எடுத்த கதையைச் சொன்னேன். எழுதினது நீங்கள், பங்கர் மூடியை இழுத்து மூடுகிற ஆளாக நடித்ததும் நீங்கள், கணக்கு ரீச்சராக நான். விமானச் சத்தம் கேட்டதும் சனம் பங்கருக்குள் விழும். இருட்டில் ரீச்சர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவா. கடைசியில் போர்வை சுற்றின தையல் மெசினையும் ஒரு தலையென்று தடவி, "ஒன்பது! எல்லாரும் உள்ளே! மூடு!" என்பா. உள்ளே இருப்பது எட்டுப் பேர். ஒன்பதாவது ஆள் வெளியில் நின்று மூடியில் தட்டித் தட்டிக் கத்துவார். விமலா சிரித்த சிரிப்பில் கார் பக்கத்து லேனுக்குப் போய்விட்டது.

முப்பது வருடமாகியும் பெண்டில் ஹில் மரக்கறிக் கடையில் என்னைக் கண்டால், "ரீச்சர், ஒருக்கா எண்ணுங்கோ" என்கிறார்கள். கலியாண வீடுகளில் மாப்பிள்ளை பொம்பிளையின் தலையைத் தொட்டு எண்ணாமல் சோறு தருவதில்லை. இப்போது அனோஜ் அதைப் படமாக எடுக்கப் போகிறான் என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பெற்ற பிள்ளையின் படத்தில் அறுபத்தொரு வயதில் பழைய வேடமே கிடைக்கிறது. நான் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். எழுதின நீங்கள் மட்டும் ஏன் இன்னும் போடவில்லை? மூடி மூடுகிற வேடத்தையும் மாட்டேன் என்றீர்களாம். என்ன கோபம்?

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை அனோஜ் ரெலிபோன் எடுத்து, "மாமா உங்களோட கதைச்சவரோ அம்மா?" என்று கேட்டான். எதைப் பற்றி என்றேன். "கடிதம் போட்டதெண்டு சொன்னவர்" என்றான். எனக்குத் தைப்பொங்கலுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு துண்டும் வரவில்லை. கிழமைக்கொருக்கா வந்து உங்கள் வீட்டுப் புட்டைத் தின்கிற பிள்ளையிடம் ஏன் பொய் சொல்கிறீர்கள்? படப்பிரதியைத் தபாலில் அனுப்புகிறானாம். வாசித்துவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பிலோமினம்மா

---

நோபல் பார்க், மெல்பேர்ண்
8 பெப்ரவரி 2025

அன்புள்ள பிலோமி மச்சாளுக்கு,

நீர் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. புதுக் காதுக்கருவி பூட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு நாய் கேட்கிறது, மனிசர் கேட்கவில்லை.

ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டீர். நீர் பார்த்த பட்டாளத்துக் குசினிதான் காரணம் என்று வைத்துக்கொள்ளும். பழைய பகிடியைப் பழைய இடத்தில் விட்டுவிட வேண்டும். எங்கள் கராஜில் மண்மூட்டைக்குள் இருந்தது மரத்தூள். விமானச் சத்தம் என்னுடைய புல்வெட்டி மெசின். அது எல்லாருக்கும் தெரிந்தபடியால்தான் சிரித்தார்கள். இப்போது அனோஜ் உண்மையான பங்கர் வெட்டப் போகிறானாம், உண்மையான இருட்டு வேண்டுமாம். அந்த இருட்டுக்குள் என்னால் போய் இருக்க முடியாது.

அவன் போன வருடம் நாலு சனிக்கிழமை வந்து, ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து என்னிடம் கதை கேட்டவன். நல்ல பிள்ளை. தகப்பனைப் போலவே தலையைச் சரித்துக்கொண்டு கேட்பான். அந்தத் தலைச் சரிவைப் பார்த்து நான் கனக்கக் கதைத்துப்போட்டேன்.

பிலோமி, ஒரு உதவி. பிரதி வந்தால் பிரிக்காமல் வையும். உயிர்த்த ஞாயிறுக்கு நான் பஸ் ஏறி வருகிறேன், இருந்து ஆறுதலாகக் கதைப்போம். அவனிடம் கடிதம் போட்டதாகச் சொன்னது பொய்தான். மூன்று தரம் எழுதத் தொடங்கினேன், மூன்று தரமும் உம்முடைய சுகத்தை விசாரித்ததோடு பேனையை மூடிவிட்டேன்.

தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.

உமது மச்சான்,
கிறிஸ்ரியன்

---

கிரவீன்
13 பெப்ரவரி 2025

கிறிஸ்ரியனுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. பிரதி நேற்றே வந்துவிட்டது.

குசினி மேசையில் வைத்து வாசித்தேன். முதல் அறுபது பக்கமும் எங்கள் பகிடிதான். தனியே இருந்து சிரித்தேன். அறுபத்தோராம் பக்கத்தில் வருடம் போட்டிருக்கிறது. 1990, ஆவணி மாதம். ஊர், எங்கள் ஊர். எண்ணுவது ரீச்சர் இல்லை, ஓர் இளந்தாரி. இருட்டில் எட்டுத் தலையைத் தொட்டு, போர்வை மேல் கை வைத்து, "ஒன்பது, எல்லாரும் உள்ளை" என்று சொல்லி மூடியை இழுக்கிறான். வெளியே பத்தடி தூரத்தில் ஓடி வருகிறவரின் பெயர் யோன்.

என்னுடைய புருசனின் பெயர் அது.

யோன் மடு ரோட்டில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது ஷெல் விழுந்தது என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். ஏழு மாதப் பிள்ளையோடு மடுக்கோயில் மரத்தடியில் அகதியாக இருந்தவளுக்கு, நாலாம் நாள் வந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

சோறு அடிப்பிடித்ததும் எனக்குத் தெரியவில்லை. புகைக்கு அடிக்கிற அலாரம் கேட்டு விமலா ஓடி வந்துதான் அடுப்பை நிப்பாட்டினா. அனோஜ் ஆறு தரம் எடுத்துவிட்டான். நான் ரெலிபோனைத் தூக்கவில்லை.

இது படத்துக்காக அவன் கட்டின கதையா, நடந்ததா? ஓம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதுங்கள். உங்கள் முழங்கால் எனக்குத் தேவையில்லை.

பிலோமினம்மா

---

நோபல் பார்க்
18 பெப்ரவரி 2025

பிலோமி,

ஓம்.

நீர் கேட்ட சொல் அதுதான். மிச்சத்தை வாசிப்பதும் கிழித்து எறிவதும் உம்முடைய விருப்பம்.

அந்த மாதம் நாளுக்கு இரண்டு தரம் விமானம் வந்தது. எங்கள் வளவுப் பங்கரில் ஒன்பது பேர். அய்யா, அம்மா, தங்கச்சி, முன்வீட்டுக் குடும்பம் நாலு பேர், பக்கத்தில் உங்கள் வீட்டிலிருந்து யோன், நான். நான் வாசலடியில் இருப்பவன், எண்ணுவதும் மூடுவதும் என்னுடைய வேலை. உள்ளே விளக்கு இல்லை. கையால் தலையைத் தொட்டுத்தான் எண்ணுவோம். யோன் ஒவ்வொரு தரமும் தையல் மெசினை மேசையிலிருந்து கழற்றி, போர்வையில் சுற்றிக்கொண்டு வருவான். அது போனால் பிள்ளையோடு நாங்கள் மூன்று பேரும் எதைத் தின்பது என்பான்.

அன்றைக்கு அவன் மெசினை முதலில் இறக்கிவிட்டான். இறக்கினதை நான் காணவில்லை. அது அவன் வழமையாகக் குந்துகிற மூலையில் இருந்தது. விமானம் தாழ்ந்து வருகிற இரைச்சல், அம்மா செபமாலையைச் சத்தமாகச் சொல்லுகிறா, நான் தொட்டுக்கொண்டு போகிறேன். கடைசியில் போர்வை. யோன் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு இருக்கிறான் என்று நினைத்தேன். ஒரு தட்டுத் தட்டி ஒன்பது என்றேன். பனங்குற்றி மூடியை இழுத்தேன்.

குண்டு வேலியோடு விழுந்தது. என் காது அன்றைக்குப் போனதுதான். அதற்கு முதல் அவன் கூப்பிட்டானோ, மூடியில் தட்டினானோ, எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடமாக அதைத்தான் கேட்டுப் பார்க்கிறேன். திறந்தபோது பத்தடியில் கிடந்தான். கையில் கத்தரிக்கோல் இருந்தது. மெசின் உள்ளே, கத்தரிக்கோல் வீட்டில் என்று எடுக்கப் போயிருக்கிறான்.

மடு ரோட்டுக் கதையைச் சொல்லச் சொன்னது அம்மா. "என்ரை அண்ணன்ரை பிள்ளை, பால் குடுக்கிறவள், இதைக் கேட்டால் பால் வத்திப்போகும், பிறகு சொல்லலாம்" என்றா. பிறகு என்ற நாள் வரவில்லை. நான் வரவிடவில்லை. அம்மா செத்தா, அய்யா செத்தார், தங்கச்சி நோர்வேயில் வாயே திறப்பதில்லை. அப்போதே ஊர்ப் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். தெரியாமல் செய்த பிழை, ஆண்டவர் மன்னிப்பார் என்றார். உம்மிடம் சொல்லும்படியும் சொன்னார். முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டேன்.

போன வருடம் அனோஜ், "மாமா, இந்த மெசின் பகிடி எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டான். அந்தத் தலைச் சரிவு. சொல்லிவிட்டேன். அவன் அழுதான், நானும் அழுதேன். "அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும்" என்றான். சொல்லிவிட்டேன் என்று அவனுக்குப் பொய் சொன்னேன். பிள்ளையில் பிழை இல்லை.

கிறிஸ்ரியன்

---

கிரவீன்
5 மார்ச் 2025

கிறிஸ்ரியனுக்கு,

இன்று விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன், பொய் எழுத மாட்டேன்.

சுவாமியிடம் சொன்னீர்களாம். செத்தது சுவாமியின் புருசனா? மன்னிக்கிறதுக்கு அவர் யார்? வெள்ளைத் துணியும் கறுத்தக் கண்ணாடியுமாக அந்த மனிசன் என் புருசனுக்குப் பூசை வைத்தாரே, "வழியில் மரித்த யோன்" என்று பீடத்தில் நின்று வாசித்தாரே. அவருக்கும் தெரியும். பங்கருக்குள் இருந்த எட்டுப் பேருக்கும் தெரியும். தெரியாதது எனக்கு மட்டும்தான்.

நீங்கள் பிழையாக எண்ணினதுக்கு நான் கோபிக்கவில்லை. அது உண்மை. இருட்டில், அந்த இரைச்சலில், நான் இருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். உங்களுக்கு இருபத்தைந்து வயது இருக்குமா அப்போது?

ஆனால் கிறிஸ்ரியன், உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல், உடனே வாருங்கள் என்று மடுவிலிருந்து நான் யோனுக்கு ஒரு துண்டு எழுதினேன். லொறியில் ஊர்ப்பக்கம் போன ஒருவரிடம் கொடுத்தேன். துண்டு கொடுத்த ஐந்தாம் நாள் நீங்கள் வந்து, "மடு ரோட்டிலை வரேக்கை" என்று சொன்னீர்கள். பிள்ளையின் காய்ச்சல் அதற்குள் தானாகவே மாறியிருந்தது. ஒரு சாதாரணக் காய்ச்சல். அதற்காக மனிசனைக் கூப்பிட்டு ரோட்டில் சாகக் கொடுத்தேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அதோடுதான் படுத்தேன், அதோடுதான் எழும்பினேன். அனோஜுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அவனைத் தொடவே எனக்குப் பயம். ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை. நீங்கள் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் இல்லையா!

நீங்கள் உங்களைக் காப்பாற்றச் சொன்ன பொய் என் தலையில் வந்து இருந்தது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தத் துண்டு யோனுக்குக் கிடைத்ததா? கிடைத்து, புறப்படுகிற அவசரத்தில்தான் கத்தரிக்கோலுக்கு ஓடினாரா? உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அது உண்மையாக இருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது.

மற்றது. உங்கள் கையால் நடந்ததை எழுதி, என் வாயால் சொல்ல வைத்தீர்கள். பதின்மூன்று பாகம். எத்தனை கலியாண வீடு, எத்தனை பிறந்தநாள். என் புருசன் வெளியில் நிற்க, மூடு மூடு என்று நான் சொல்ல, மண்டபம் நிறையச் சனம் கைதட்டியது. எப்படி மனம் வந்தது?

பிலோமினம்மா

---

நோபல் பார்க்
11 மார்ச் 2025

பிலோமி,

உம்முடைய கடிதம் வந்து மூன்று நாள். முதல் நாள் முழுக்க நான் கராஜுக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். காது கேட்கவில்லை என்று நினைத்து மனிசி மூன்று தரம் சாப்பிடக் கூப்பிட்டாளாம். கேட்டது. எழும்ப முடியவில்லை.

துண்டைப் பற்றி எனக்குத் தெரியாது. நீர் ஒவ்வொரு வருடமும் நினைவுப் பூசையில் யோனின் பெயரைச் சொல்லாமல் "என்னாலைதான்" என்று அழுததை நான் கண்டிருக்கிறேன். பெண்சாதிமார் அப்படித்தான் அழுவார்கள் என்று நினைத்தேன். என்னுடைய பாரம் என்னிடம்தான் இருக்கிறது என்று இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தேனே. அது உம்மிடம் இருந்திருக்கிறது.

துண்டு வரவில்லை. பாதை பூட்டிக் கிடந்தது, நானே உம்மிடம் காட்டுக்குள்ளால்தான் நடந்து வந்தேன். நீர் நம்பமாட்டீர். உம்முடைய இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். இப்போது உமக்கு ஆறுதலான பதில் அதுதான், நான் ஏற்கெனவே ஒருதரம் ஆறுதலான பதில் சொன்னவன். சாட்சிக்கு ஒருவரும் இல்லை. இதற்கு மேல் எதைச் சொல்லி உம்மை நம்பவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எப்படி மனம் வந்தது என்று கேட்டீர். அதற்குப் பதில் என்னிடம் எழுத்தில் இருக்கிறது. தொண்ணூற்றி நாலு மார்ச்சில் உமக்கு நான் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா? அதைத் தொடருக்கு என்று எழுதவில்லை. நேரே சொல்லப் பயந்து, நடந்ததை நாடகம் போல எழுதினேன். எண்ணுகிறவன், போர்வை, மெசின், வெளியில் ஒருவன் சாகிறான். பெயர்களை மட்டும் மாற்றினேன். வாசித்ததும் விளங்கும், உடனே பஸ் ஏறி வந்து என் கன்னத்தில் அறைவீர் என்று காத்திருந்தேன். ஒரு கிழமையில் உம்முடைய பதில் வந்தது. அதை இத்தனை வருடமும் வைத்திருக்கிறேன். இதோடு அனுப்புகிறேன். கிழிக்க வேண்டாம்.

"மச்சான், மெசின் பகிடி அருமை! வாசித்துச் சிரித்து வயிறு நோகிறது. எங்கள் யோனின் மெசினையும் மறக்காமல் உள்ளே வைத்திருக்கிறீர்கள், அதற்குக் கோடி நன்றி. ஒரேயொரு திருத்தம். வெளியில் நிற்கிற ஆள் சாகக் கூடாது. தட்டித் தட்டித் திறப்பித்து உள்ளே வர வேண்டும். சனம் ஏற்கெனவே கனக்க அழுதுவிட்டது. எண்ணுகிற வேடத்தை எனக்குத் தாருங்கள். ஒவ்வொரு பாகத்திலும் இதை வைப்போம்."

இதை வாசித்துவிட்டு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். செய்யவில்லை. நாலு வருடத்துக்குப் பிறகு நீர் முதல்தரம் சிரித்திருக்கிறீர் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி, எனக்குத் தப்பின மாதிரி இருந்தது. அதோடு, ஒவ்வொரு பாகத்திலும் மூடியைத் திறந்து அந்த ஆளை உள்ளே இழுக்கிற வேடம் எனக்குக் கிடைத்தது. பதின்மூன்று தரம் இழுத்தேன்.

படத்தை நிப்பாட்டச் சொன்னால் அனோஜிடம் நான் சொல்கிறேன். நீர் சொல்கிறபடி.

கிறிஸ்ரியன்

---

கிரவீன்
27 மார்ச் 2025

கிறிஸ்ரியன் மச்சான்,

மச்சான் என்று எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேறு என்னவென்று எழுதுவது? அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்த கிழமை முழுக்க அந்தப் பழைய தாளை எடுத்து எடுத்து வாசித்தேன். என் கையெழுத்து அப்போது எவ்வளவு வடிவாக இருந்திருக்கிறது. ஆளைக் கொன்ற பக்கத்தை வாசித்து வயிறு நோகச் சிரித்திருக்கிறேன். அந்த முப்பது வயதுப் பெண்ணைக் கன்னத்தில் அறையவும் மனமில்லை, கட்டிப்பிடிக்கவும் மனமில்லை.

சனிக்கிழமை அனோஜ் மெல்பேர்ணிலிருந்து காரிலேயே வந்தான். ஒன்பது மணித்தியாலம். வாசலில் நின்று, "மாமா சொல்லிட்டார் எண்டுதான் நினைச்சனான் அம்மா, சத்தியமா" என்று அழுதான். முப்பத்தைந்து வயது ஆம்பிளை, தாடியெல்லாம் நனைந்துவிட்டது. உள்ளே எடுத்துச் சோறு போட்டேன். துண்டைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். உங்கள் பதிலையும் காட்டினேன். "மாமா சொல்லுறதை நான் எப்பிடி நம்புறது?" என்றேன். அவன் கணினியை எடுத்தான்.

உங்களைப் போன வருடம் பதிந்தது. நீங்கள் காது கேட்காதபடியால் வீடு அதிரக் கத்துகிறீர்கள், பின்னால் மனிசி தாளிக்கிற சத்தமும் கேட்கிறது. இரண்டாம் சனிக்கிழமைப் பதிவில், நாற்பதாவது நிமிடத்தில் சொல்கிறீர்கள். "பாதை பூட்டி ரண்டு கிழமை. மடுவிலையிருந்து ஒரு செய்தியும் இல்லை. யோன் ஒவ்வொரு நாளும் கோயிலடிக்குப் போய், பிலோமியிட்டையிருந்து கடிதம் வந்ததோ எண்டு கேப்பான். அண்டைக்கு விடியவும் கேட்டவன். வரேல்லை." அனோஜ் அதை மூன்று தரம் போட்டான். போன வருடம் உங்களுக்குத் துண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைத் தேற்றுகிற தேவையும் இல்லை.

வரேல்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. நிலத்தில் குந்திவிட்டேனாம். அந்த மனிசன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரியாமலே போயிருக்கிறார். என் துண்டு எங்கோ லொறிக்குள் கிடந்திருக்கிறது. நான் அவரைக் கூப்பிடவில்லை, மச்சான். அவர் தன்னுடைய கத்தரிக்கோலுக்குத்தான் ஓடினார். எந்த நேரமும் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் கத்தினது அதுக்குத்தான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. வரும் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் இனி அந்தப் பாரத்தை நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக, ஒருவருக்கொருவர் தெரியாமல் சுமக்கத் தேவையில்லை. கோபம் வந்தால் எழுதுவேன். நீங்கள் வாசிக்க வேண்டும்.

படத்தை நிப்பாட்ட வேண்டாம். அனோஜுக்கு என்னுடைய நிபந்தனையைச் சொல்லிவிட்டேன். முதல் அறுபது பக்கமும் பகிடி அப்படியே இருக்கலாம், சனம் சிரிக்கட்டும். அறுபத்தோராம் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி, அந்த இளந்தாரியை வைத்து எடுக்கட்டும். அதற்குப் பிறகு கடைசியாக ஒரு காட்சி வேண்டும், அதில் எண்ணுவது நான். அவன் வெட்டுகிற உண்மையான பங்கரில், உண்மையான இருட்டில். பழைய கணக்கு ரீச்சரின் சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, கொஞ்சம் இறுக்கம்.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள், ஏப்ரல் பன்னிரண்டு, உங்கள் வீட்டுப் பின்வளவில்தான் எடுக்கிறான். நீங்கள் குசினிக்குள் ஒளித்திருக்கக் கூடாது. உங்கள் பழைய இடத்தில், மூடியடியில் வந்து இருங்கள். காதுக்கருவியைக் கழற்றிவிட்டு வாருங்கள், இருட்டில் நாய் குரைத்தால் பயப்படுவீர்கள். நான் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு வருவேன். உங்கள் தலையையும் தொடுவேன். பிறகு போர்வையைத் தொடுவேன், நீக்கிப் பார்ப்பேன், மெசின் என்று கண்டுகொள்வேன்.

எட்டு என்று சொல்லுவேன். உங்களுக்குக் கேட்காது, அதனால் தோளில் ஒரு தட்டுத் தட்டுவேன். தட்டினதும் மூடியைத் திறவுங்கள். அவர் வரும் வரைக்கும் மூட வேண்டாம்.

பிலோமி